பால்வாடியில் பால் இல்லை

"உன் பொண்ணு இன்னும் 'அ' எழுதலியாடா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப் வீடியோவில் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. எங்களுக்குக் காலை, அம்மாவுக்கு மாட்டுங்காவில் சாயங்காலம். பின்னால் குக்கர் விசில், அதற்கும் பின்னால் கிங்ஸ் சர்க்கிள் சிக்னல் ஹாரன். இங்கே ஜன்னலுக்கு வெளியே டொராண்டோ பனி.

என் மகளுக்கு நாலு வயது. செப்டம்பரில் இருந்து பக்கத்து அரசுப் பள்ளியில் ஜூனியர் கிண்டர்கார்டன் போகிறாள். ஒன்டாரியோவில் 2010இல் ஆரம்பித்து 2014க்குள் எல்லா அரசுப் பள்ளிகளிலும் நாலு, அஞ்சு வயதுக் குழந்தைகளுக்கு முழு நாள் கிண்டர்கார்டன் கொண்டுவந்துவிட்டார்கள். விளையாட்டு வழியாகத்தான் பாடம் என்று அப்போதே முடிவு. ஆகவே என் மகள் தினமும் பையில் கொண்டு வருவது என்னவென்றால், காய்ந்த மேப்பிள் இலை, பசை ஒட்டிய அட்டை, ஒரு நாள் ஈரக் களிமண் உருண்டை (லஞ்ச் பாக்ஸுக்குள்!). எழுத்து ஒன்றும் வரவில்லை.

"அங்க உன் அக்கா பேத்தி மூணரை வயசுல கர்சிவ்ல எழுதறா" என்றாள் அம்மா. அக்காவுக்குப் பேத்தி கிடையாது, பெரியம்மா பேத்தியைச் சொல்கிறாள். அம்மா ஒப்பிட ஆரம்பித்தால் உறவுமுறையெல்லாம் கொஞ்சம் கலங்கிவிடும்.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் போனை வைத்ததும் என் மனைவி, "அத்தை சொல்றதும் ஒரு விதத்துல சரிதானே?" என்றாள். மாலை நேர டியூஷன் சென்டர் விண்ணப்பம் ஒன்று எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டி இரண்டு வாரம் ஆகிறது. கையெழுத்துப் போட வேண்டியது நான்.

அதைப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன். விழுந்த இடம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மனியோ பின்லாந்தோ இல்லை. நான் பிறந்து வளர்ந்த கிங்ஸ் சர்க்கிளில் இருந்து இருபது நிமிட நடை.

* * *

முதலில் பேட்டையைப் பற்றிக் கொஞ்சம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலும் அழுக்கும்தான் காரணம் என்று 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்று அமைத்தார்கள். அவர்கள் வடக்கே வயலும் சதுப்புமாய்க் கிடந்த நிலத்தில் மனை போட்டதுதான் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் திட்டங்கள். அகலமான சாலை, மரம், வீட்டுக்கு வீடு இடைவெளி, நடுநடுவே பூங்கா. ஃபைவ் கார்டன்ஸ் அப்படி வந்ததுதான். கிங்ஸ் சர்க்கிளின் வட்டப் பூங்காவுக்கு இப்போது மகேஸ்வரி உத்யான் என்று பெயர். பெயர்ப்பலகையில்தான் மகேஸ்வரி, பஸ் கண்டக்டரிலிருந்து பால்காரர் வரை எல்லோர் வாயிலும் கிங்ஸ் சர்க்கிள்தான். ஆக, குழந்தைகள் விளையாட இடம் விட்டுக் கட்டிய பேட்டை அது. பம்பாயில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய பேட்டைகள் எத்தனை?

அந்த மனைகளில் வந்து குடியேறியவர்கள் நம்மவர்கள். பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலியில் இருந்து ஷார்ட்ஹேண்டும் டைப்பிங்கும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்தவர்கள். அவர்களுடைய மூலதனம் மொத்தமே படிப்புதான். அதனால் கோயிலும் மெஸ்ஸும் வந்த கையோடு பள்ளிக்கூடமும் வந்தது. 1932இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, நாம் எஸ்.ஐ.இ.எஸ். என்று சொல்வது, புலம்பெயர்ந்து வந்த தென்னிந்தியக் குழந்தைகளுக்கான ஒரு தொடக்கப் பள்ளியாகத்தான் மாட்டுங்காவில் ஆரம்பித்தது. இன்று கல்லூரிகளும் மேலாண்மைப் படிப்பும் என்று எங்கேயோ போய்விட்டது.

இந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ராம நவமி பந்தலில்கூடக் கேட்டிருக்கிறோம். தெரியாத கதை அதே காலத்தில், அதே அம்பேத்கர் சாலையில் கொஞ்சம் தெற்கே, தாதர் இந்து காலனியில் நடந்தது.

* * *

1936இல் அங்கே சிசு விஹார் என்று ஒரு குழந்தைப் பள்ளி தொடங்கினார் தாராபாய் மோடக்.

1892இல் பம்பாயில் பிறந்தவர். 1914இல் பட்டதாரி. அமராவதி வக்கீல் ஒருவரை மணந்து, 1921இல் விவாகரத்துப் பெற்றவர். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது என்ன விலை கொடுத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்தார். நல்ல சம்பளம், மரியாதை. 1923இல் அதை விட்டுவிட்டு பாவ்நகருக்குப் போனார், ஒரு மீசைக்கார வக்கீலிடம் குழந்தைகளோடு விளையாட.

அந்த வக்கீல்தான் கிஜுபாய் பதேகா. இவரும் நம்மைப் போலப் பிழைப்புக்காகக் கடல் தாண்டியவர். 1907இல் கிழக்கு ஆப்பிரிக்கா போய்விட்டு, திரும்பி வந்து பம்பாயில் சட்டம் படித்தார். 1913இல் மகன் பிறந்தான். இவனை எப்படி வளர்ப்பது என்று தேடும்போது மாண்டிசோரியின் புத்தகம் கையில் கிடைத்தது. வக்கீல் தொழில் அதோடு சரி. 1920இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் 'மூச்சாளி மா', அதாவது மீசை வைத்த அம்மா.

மரியா மாண்டிசோரியின் அடிப்படை எண்ணம் எளியது. குழந்தைக்கு விரல்தான் முதல் மூளை. உருளைகளைக் குழியில் பொருத்துவது, பெரிதில் இருந்து சிறிதாகக் கட்டைகளை அடுக்குவது, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவுவது. பென்சில் கடைசியில்தான். பிடிக்கும் விரலும் மணிக்கட்டும் அதற்குள் தயாராகிவிடும்.

கிஜுபாய் இதை எடுத்துக்கொண்டார், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு ராஜா ராணிக் கதை, மாயக் கதை எல்லாம் மாண்டிசோரிக்குப் பிடிக்காது. நிஜ உலகம் முதலில் பிடிபடட்டும் என்பார். கிஜுபாயோ கதையையும் நாடகத்தையும் பள்ளியின் நடுவிலேயே வைத்தார். பாட்டி கதை கேட்டு வளர்ந்த நாட்டில் வேறு எப்படி நடந்திருக்கும்? என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தில் அம்மையாரைவிட மீசைக்காரர்தான் சரி.

1926இல் கிஜுபாயும் தாராபாயும் சேர்ந்து நூதன் பால் சிக்ஷண் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புதிய குழந்தைக் கல்விச் சங்கம். அந்த வேலையின் பம்பாய்த் தொடர்ச்சிதான் சிசு விஹார். ஆசிரியைகளுக்குப் பயிற்சியும் உண்டு. கிஜுபாய் 1939 ஜூனில் பம்பாயிலேயே காலமானார். அதே வருஷம் நவம்பரில்தான் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு, பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து இறங்கினார். வாழ்க்கையையே மாற்றிய புத்தகத்தை எழுதியவரைக் கிஜுபாய் இந்திய மண்ணில் பார்க்க ஐந்து மாதம் தவறிவிட்டது.

(மாண்டிசோரி வந்ததும் உலகப் போர் முற்றியது. இத்தாலிக்காரர் என்பதால் 1940இல் எதிரி நாட்டவர் கணக்கில் வைத்து மகன் மரியோவைச் சிறைவைத்தார்கள். அந்த ஆகஸ்ட் 31, அவருடைய 70வது பிறந்தநாளுக்கு மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் இரண்டு வருஷம். சமவெளிப் பள்ளிகளில் பார்க்காத செடி கொடி, பூச்சி, எறும்பு என்று அங்கே குழந்தைகளோடு திரிந்தார். நம் ஊர் மலை அவருக்கும் ஏதோ கற்றுக்கொடுத்திருக்கிறது.)

* * *

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை.

1984 வாக்கில் எனக்கு கே.ஜி. இன்டர்வியூ. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை, அம்மா பட்டுப்புடவை, நான் புது ஷூ. மேஜை மேல் ஒரு கிண்ணத்தில் கலர் மணிகள். "நிறம் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் மணிகளைச் சிவப்பு தனி, மஞ்சள் தனி என்று பிரித்து வரிசை வைத்துக்கொண்டிருந்தேனாம். வாயே திறக்கவில்லையாம். சீட் கிடைக்கவில்லை. அப்பா அன்றைக்கு வீடு வரை பேசவில்லை என்று அம்மா இன்றும் சொல்வாள்.

தாராபாயின் ஆசிரியை ஒருத்தி அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் மணிகளை எப்படிப் பார்த்திருப்பாள் என்பதுதான் இப்போது என் கவலை. ஹூம், நாற்பது வருஷம் தாமதமான கவலை.

என் போன்ற குழந்தைகளுக்காக ஒரு தமிழர் பாராளுமன்றத்தில் பேசியிருக்கிறார் தெரியுமா? ஆர்.கே. நாராயண். ராஜ்யசபா நியமன உறுப்பினராக இருந்தபோது 1989இல் குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றிப் பேசினார். அதன் தொடர்ச்சியாக வந்த யஷ்பால் குழு 1993இல் கொடுத்த அறிக்கையில், நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் இன்டர்வியூவும் ஒழிக்கப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைக்கான வடிகட்டலைத் தடை செய்தது. பெரியம்மா பேத்திக்கு ஆனது இன்டர்வியூ இல்லை, 'இன்டராக்‌ஷன்'. புரிகிறதா? :-)

* * *

சரி, தாராபாயிடம் திரும்புவோம். அவரிடம் எனக்குப் பிடித்ததே இதற்குப் பிறகு நடந்ததுதான்.

சிசு விஹார் நன்றாக நடந்தது. ஆனால் அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள நகரத்து வீட்டுக் குழந்தைகள். மாண்டிசோரி சாமான்கள் விலை அதிகம். அளவு பிசகாமல் செய்த மரக்கட்டைகள். ஏழைக் குழந்தைக்கு இது எட்டாது என்பது காந்திக்கும் உறுத்தலாக இருந்தது. 1931இல் லண்டனில் மாண்டிசோரியைச் சந்தித்தபோதே ஏழைக் குழந்தைகளைப் பற்றித்தான் அவர் பேச்சு. தாராபாய்க்கு 53 வயது ஆனபோது, 1945இல், நகரத்தை விட்டு போர்டி என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். அன்று தானே மாவட்டம், 2014இல் இருந்து பால்கர் மாவட்டம். தஹானு ரயில்நிலையத்தில் இறங்கிப் போகலாம்.

கூடவே போனவர் அனுதாய் வாக். 13 வயதில் கல்யாணம், ஆறு மாதத்தில் விதவை, அதற்குப் பிறகு படித்து ஆசிரியை ஆனவர். நம் சகோதரி சுப்புலட்சுமி கதைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய வாழ்க்கை.

போர்டியில் பள்ளியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். சேரியில் இருந்து குழந்தைகள் வரவில்லை. அம்மா அப்பா கூலிக்குப் போய்விடுவார்கள், நாலு வயதுக் குழந்தை ஒரு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்திருக்கும். அது எப்படிப் பள்ளிக்கு வரும்? அதனால் இவர்களே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனார்கள். கூட்டிப் பெருக்கி, குழந்தைகளின் மூக்கைத் துடைத்து, குளிப்பாட்டி, தலை வாரி, பிறகு பாட்டு, கதை, விளையாட்டு. சாமான்? கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை, குச்சி, மண். கடற்கரைக் கிராமத்தில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்? பெரிதும் சிறிதும் பிரித்து வைக்க, எண்ண, ஒரே மாதிரியைத் தேட, விலை கொடுத்து வாங்கிய கட்டை தேவையே இல்லை.

அங்கண் என்றால் மராத்தியில் முற்றம். முற்றத்தில் நடந்ததால் அங்கண்வாடி.

1957இல் உள்ளே கோஸ்பாட் குன்றுக்கு, வார்லி ஆதிவாசிகளின் நடுவே, இடம் மாறினார்கள். அங்கே மாடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்காகப் புல்வெளியிலேயே ஒரு பள்ளி நடத்தினார்கள். மாடு ஒரு பக்கம் மேயும், பாடம் ஒரு பக்கம் நடக்கும். தாராபாய்க்கு 1962இல் பத்மபூஷண் கிடைத்தது. 1973இல் காலமானார். அனுதாய் 1992 வரை இருந்தார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நம் ஊரில் 'பால்வாடி' என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே பால் கொடுப்பார்கள், அதனால் பால்வாடி என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் மாமனார் (மதுரை) இன்றும் அப்படித்தான் நினைக்கிறார். மராத்தி 'பால்' என்றால் குழந்தை. 'வாடி' என்றால் தோட்டம்; தஹானு பக்கம் சப்போட்டாத் தோப்பைக்கூட வாடி என்றுதான் சொல்வார்கள். ஆக பால்வாடி என்பது குழந்தைத் தோட்டம். ஜெர்மன் 'கிண்டர்கார்டன்' என்ற சொல்லுக்கும் அதே அர்த்தம்தான்.

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த ஃபிரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் குழந்தைகளுக்குக் கம்பளிப் பந்தும் மரக்கட்டையும் கொடுத்துப் பள்ளி நடத்தினார். பாட்டு, கைவேலை, நிஜமாகவே தோட்டப் பாத்தி. பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது, நாத்திகம் பரப்புகிறது என்று சந்தேகம்! தடை நீங்கியது 1860இல். அதற்குள், 1852இலேயே, மனிதர் போய்விட்டார். நாலு வயதுக் குழந்தை பந்து உருட்டுவதைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யம் பயந்திருக்கிறது.

* * *

கிங்ஸ் சர்க்கிளுக்குத் தெற்கே இந்து காலனி. ரயில் பாதையைத் தாண்டி மறுபக்கம் அரை மணி நடந்தால் தாராவி. இந்தக் கதையின் அடுத்த பகுதி அங்கே நடக்கிறது.

1970 வாக்கில் மத்திய அரசின் கல்வி ஆலோசனை வாரியம், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் மீனா சுவாமிநாதன். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்று சொன்னால் சட்டென்று தெரியும். எழுத்தாளர் கிருத்திகாவின் மகள் என்று சொன்னால் தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அவரே தனியாக ஒரு பெரிய ஆள். குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி ஆசிரியைகளுக்கு வழிகாட்டி நூல்கள் எழுதியவர். டில்லியில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் சித்தாள்களின் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் 1969இல் தொடங்கிய மொபைல் கிரஷ் அமைப்போடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 2022இல் காலமானார்.

1972இல் வந்த அவருடைய குழுவின் அறிக்கை, சாப்பாடு, சுகாதாரம், விளையாட்டு வழிக் கல்வி மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நாடு முழுவதும் 33 இடங்கள், அதில் நகரப் பகுதி வெறும் 4. மகாராஷ்டிரத்துக்கு இரண்டு: ஆதிவாசிப் பகுதியான தார்ணி, பம்பாயில் நம் தாராவி. மையத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள்? போர்டி முற்றத்தில் பிறந்த அதே பெயர்தான், அங்கன்வாடி.

இந்து காலனியில் சிசு விஹார் நடத்தியவர் உருவாக்கிய சொல், தஹானு வரை போய், டில்லி சுற்றி, மறுபடி கிங்ஸ் சர்க்கிளின் மறுபக்கத்துக்கே வந்துவிட்டது. நடுவில் இருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.

தெரியவில்லை என்பது முழுப் பொய். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்கா தாராவிதான். திருநெல்வேலிப் பக்கம். அவருடைய பையனுக்கு என் வயது. சில நாள் கூட வருவான். ஒரு முறை கழுத்தில் ஒரு மாலை போட்டு வந்தான்: புளியங்கொட்டை, நடுநடுவே கலர்க் காகிதம், அவனே கோத்தது, அங்கன்வாடியில். எனக்கு அது வேண்டும் என்று அழுதேன். கழற்றிக் கொடுத்துவிட்டான். அம்மா அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள், ஏன் என்று அப்போது புரியவில்லை. எனக்கு அப்போது இரண்டாவதாக முயற்சி செய்த பள்ளியில் இடம் கிடைத்து, நாலு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதிக்கொண்டிருந்த காலம். விரல் வலிக்கும்.

இதில் எனக்கு இன்றும் தைக்கிற விஷயம் வேறு. அந்த அக்கா அம்மாவிடம் கெஞ்சியது காதில் இருக்கிறது. "பிள்ளைய ஒரு இங்கிலீசு பள்ளியில சேத்து விடுங்கம்மா. அங்க சும்மா விளையாட்டுதான் காட்டுதாவ."

தாராவியிலும் அதே கேள்வி, மாட்டுங்காவிலும் அதே கேள்வி, இன்று டொராண்டோவிலும் அதே கேள்வி. ஏன் என்று யோசித்தால் யார் மேலும் கோபம் வரவில்லை. ஊரை விட்டு வந்தவனிடம் நிலம் இல்லை, சொந்தக்காரன் இல்லை. பிள்ளை எழுதின காகிதம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிற ஆதாரம். களிமண் உருண்டையைக் காட்டி வாடகை கேட்பவனிடம் என்ன சொல்ல முடியும்? ஷார்ட்ஹேண்ட் சர்டிபிகேட்டோடு வி.டி. ஸ்டேஷனில் இறங்கிய தாத்தாவின் பயம் எனக்குள் அப்படியே இருக்கிறது. என் மகளுக்கு அது தேவையா என்பதுதான் ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது.

இன்னொன்றும் நடந்தது. விளையாட்டு வழிக் கல்வி இந்தியாவில் இரண்டு ஓரங்களில் ஒதுங்கிவிட்டது. ஒரு ஓரத்தில் அதிகக் கட்டணம் வாங்கும் மாண்டிசோரிப் பள்ளிகள். மறு ஓரத்தில் அங்கன்வாடி, இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம் மையங்கள். அங்கேயும் எடை பார்ப்பது, தடுப்பூசிக் கணக்கு, சத்துணவு, ரெஜிஸ்டர் என்று ஊழியரின் நேரம் எல்லாம் போய், விளையாட்டுக்கு மிஞ்சுவது குறைவு. அவர்களுக்குக் கொடுப்பது சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம். கிராஜுவிட்டி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஆகிவிட்டது. நடுவில் இருந்த நாங்கள், மாட்டுங்கா மிடில் கிளாஸ், சிலேட்டையும் நாலு கோட்டு நோட்டையும் பிடித்துக்கொண்டோம்.

இப்போது காற்று கொஞ்சம் மாறுகிறது. 2020 கல்விக் கொள்கைக்குப் பிறகு 3 முதல் 8 வயது வரை ஒரே அடித்தளக் கட்டம் என்றார்கள். அதற்கான பாடத்திட்ட வரைவு 2022இல் வந்தது. 2023 பிப்ரவரியில் 'ஜாதுயி பிட்டாரா', மாயப்பெட்டி, என்று பொம்மை, புதிர், கைப்பாவை எல்லாம் வைத்த ஒரு பெட்டியை வெளியிட்டார்கள். படத்தைப் பார்த்ததும் போர்டி கிளிஞ்சல்தான் ஞாபகம் வந்தது. பெட்டி ஷெல்ஃபில் பூட்டி வைக்கப்படாமல் இருக்க வேண்டும். (கறை படியும் என்று நல்ல பொம்மைகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்த வம்சம் நாம்.)

விளையாடினால் பிற்காலத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரை எடுத்துக்கொண்டு பெர்ரி பிரீஸ்கூல் ஆய்வைத் தொடங்கினார்கள். 58 பேருக்கு ஆசிரியையோடு பேசி, திட்டமிட்டு, குழந்தையே முனைந்து செய்யும் முறை. 65 பேருக்குப் பள்ளி இல்லை. நாற்பது வயது வரை தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். முதல் குழுவினர் அதிகம் பேர் பள்ளியை முடித்திருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகச் சிறைக்குப் போனார்கள். சின்ன ஆய்வுதான், வறுமையில் இருந்த குழந்தைகள்தான், ஆகையால் என் மகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பின்லாந்தில் ஏழு வயதில்தான் முறையான பள்ளியே ஆரம்பம்.

* * *

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தாராபாய், அனுதாய், தாராவி எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் சரிடா, உன் பொண்ணு எப்ப 'அ' எழுதுவா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு கொலு ஞாபகம் வந்தது. "அம்மா, நவராத்திரிக்குப் பார்க் கட்டுவோமே, அது யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

மாட்டுங்கா வீடுகளில் கொலுப்படிக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் ராஜ்யம் அது. பத்து நாள் முன்னாலேயே கொட்டாங்குச்சியில் மண் போட்டு வெந்தயமும் கடுகும் கேழ்வரகும் விதைப்போம். தினம் தண்ணீர் தெளித்து எத்தனை உயரம் என்று விரலால் அளப்போம். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். தீப்பெட்டி பெஞ்சு ஆகும். கிங்ஸ் சர்க்கிள் வட்டம், நடுவில் பூங்கா, சுற்றி பெஸ்ட் பஸ், தீக்குச்சியில் ரயில்வே ஸ்டேஷன் என்று ஒரு வருஷம் எங்கள் பேட்டையையே கட்டினோம். எந்தச் சாலை எங்கே சேரும் என்று சண்டை போட்டு, கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்தினோம். ஃபிரோபெல் பாத்தி, மாண்டிசோரி அளவு, கிஜுபாய் கதை எல்லாம் அதில் இருந்தது. யாரும் மார்க் போடவில்லை. சுண்டல் கொடுத்தார்கள்.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள்கூடக் குழந்தையின் பருவங்களை எழுத்தை வைத்துப் பிரிக்கவில்லை. சப்பாணி, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, ஊசல் என்று விளையாட்டை வைத்துத்தான் பாதிப் பருவங்களையும் பிரித்திருக்கிறார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெந்தயத்தை ராத்திரியே ஊறப் போட்டுரு. கடுகை ஊறப் போடாதே, அப்படியே தூவு. அந்த ஊர் குளிருக்கு ஹீட்டர் பக்கத்துல வெச்சாத்தான் வரும்" என்றாள்.

"இது நவராத்திரி இல்லியேம்மா, பிப்ரவரி."

"அதனால என்னடா? முளைக்காதா?"

போன புதன்கிழமை தயிர் டப்பா ஒன்றில் விதைத்தோம். கொட்டாங்குச்சி இங்கே கிடைக்கவில்லை. மகள் தினமும் காலையில் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்க்கிறாள். நேற்று மாலை வீடியோவில் பாட்டியிடம் டப்பாவைக் காட்டி எத்தனை முளை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலுக்குப் பிறகு பதினாறு. பாட்டி திருத்தவில்லை, "இன்னொரு தடவை எண்ணு பாக்கலாம்" என்றாள்.

டியூஷன் விண்ணப்பம் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. கடைசித் தேதி மார்ச் 15. என் மனைவி இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டாள்.